கம்பீரம் வராததற்குப் பணம் வாபஸ்

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, என் மனைவி தேவயானியிடம் சொல்லவில்லை.

ரகசியமாக 'கம்பீரக் கணவன்' என்று ஒரு ஆப் இறக்கினேன். வீட்டில் குரலை உயர்த்தப் பயிற்சி. முதல் வாரம் இலவசம். பிறகு மாதாமாதம் என் பேங்க் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடித்தார்கள். நிறுத்தலாம் என்று தேடினால் அதற்குப் பட்டனே இல்லை. அது ஆப் இல்லை, ஆப்பு!

ஒருநாள் பேங்க் மெசேஜ் தேவயானி கண்ணில் பட்டது.

"இன்னாங்க இது? மாசாமாசம் எவனுக்குப் போவுது?"

"தெரியல தேவி... எவனோ ஏமாத்திப் புடிச்சிக்கினு கீறான். உட்டுடு."

"உட்டுடறதா? நம்ம காச எவனோ துன்னுக்கினு இருப்பான், நா பாத்துக்கினு இருக்கணுமா?"

நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில். ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும் ஸ்பீக்கர் அது.

"ஆப் பேரு செப்பண்டி," என்று தெலுங்கில் பெயரைக் கேட்டது ஒரு பெண் குரல்.

தேவயானி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"கேக்கறாங்க இல்ல? சொல்லுங்க."

"க... கம்பீரக் கணவன்."

குரல் தமிழுக்கு மாறியது. "கேக்கல சார், கொஞ்சம் சத்தமா."

பயிற்சியில் வராத சத்தம் அப்போது வந்தது. "கம்பீரக் கணவன்!"

அந்தப் பக்கம் இருமல். என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தேவயானி அசரவில்லை. "எழுதிக்கங்க மேடம். சேர்றதுக்குப் பட்டன் வெச்சிருக்கான், வெளிய வர்றதுக்கு வழியே வெக்கல. அது சட்டப்படி தப்பு. அப்புறம், சேவைக் குறைபாடு. இவ்ளோ நாளா காசு வாங்கிக்கினு இவருக்கு ஒரு பொட்டு கம்பீரம்கூட வர வெக்கல. நானே சாட்சி."

கம்பெனி பணிந்துவிட்டது. மொத்தப் பணத்தையும் திருப்பித் தருகிறார்களாம்! தெருவே தேவயானியைக் கொண்டாடியது. எதிர்வீட்டுத் தமிழரசு என்னைத் தனியாக இழுத்துப்போய், "அண்ணே, எனக்கும் அதே ஆப்தான். அண்ணிகிட்ட நைசா சொல்லி..." என்று கும்பிட்டான். எனக்கே நெஞ்சு விம்மியது. யார் மனைவி!

"ஒரே ஒரு வேலதான் பாக்கி," என்று தேவயானி போனை நீட்டினாள். கம்பெனி கேட்டிருந்தது: 'பயிற்சியால் தங்களிடம் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்று தங்கள் மனைவி கூறியுள்ளார். நீங்களும் உறுதிசெய்தால் பணம் வந்துவிடும்.' கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பட்டன்.

"இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? அழுத்துங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கம்பீரமாக, 'ஆம்' அழுத்தினேன்.