பெயர் இல்லாத இடத்துக்குப் பதினோரு கிலோமீட்டர்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகளில் முதல் இரண்டு இடங்களை நெருப்புக்கும் சக்கரத்துக்கும் தாராளமாகக் கொடுத்துவிடலாம். மூன்றாவது இடம் வார இறுதிப் பயணத்துக்குத்தான். ஐந்து நாளும் நெரிசலில் நின்று வேலைக்குப் போகிற நகரவாசி, ஆறாவது நாள் அதே நெரிசலில் தானாக விரும்பிப் போய் நின்று, அதற்கு 'ஓய்வு' என்று பெயரும் வைக்கிறான். அந்த அறிவை வியக்காமல் இருக்க முடியுமா?

இந்த உண்மையைச் சட்டமாக்கிய பெருமை ஒரு மெத்தை நிறுவனத்தைச் சேரும். ஊரையே தூங்க வைப்பது அவர்கள் தொழில். ஆனால் சொந்த ஊழியர்கள் சனி, ஞாயிறில் வீட்டில் படுத்துக் கிடப்பதை மேலாளரால் பொறுக்க முடியவில்லை. "ஓய்வை விக்கிறவனுக்கு முதல்ல ஓய்வெடுக்கத் தெரியணும்!" என்று அவர் மேசையைத் தட்டிய அன்று, 'வார இறுதி ஓய்வு அறிக்கை' என்ற படிவம் பிறந்தது. சென்ற இடம், தூரம், பயண நேரம், நீர்நிலை உண்டா, மரம் உண்டா, பறவை உண்டா, கூட்டம் உண்டா, சென்ற காரணம், திரும்பும்போது மனநிலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் வெறும் படிவம் கொடுப்பவருக்குத் தண்டனை எதுவும் இல்லை, கருணைதான். அவர் 'ஓய்வுப் பயிற்சி முகாம்' போகலாம். சனிக்கிழமைதோறும், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. விடுப்பு கிடையாது.

விற்பனைப் பிரிவில் நீலக் கார் வைத்திருந்த ஒருவர் இந்தத் துறையில் நட்சத்திரமாக விளங்கினார்.

"நூத்தி நாப்பது கிலோமீட்டர் சார். அருவி!"

"குளிச்சீங்களா?"

"வண்டி நிறுத்த இடம் தேடிட்டு இருந்தப்பவே இருட்டிடுச்சு சார். ஆனா அருவிச் சத்தம் நல்லாக் கேட்டுச்சு."

"சத்தமே கேட்டுச்சா! மனநிலை?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு சார். ரொம்பப் புத்துணர்ச்சியா இருக்கு."

அறை கைதட்டியது. அடுத்து, பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவறைக்காரரின் முறை. அவருடைய படிவம் இரண்டாவது வாரமாக வெறுமையாக இருந்தது.

"வீட்டுல உக்காந்து அப்படி என்னதான் பண்றீங்க?" என்றார் மேலாளர்.

"ஞாயித்துக்கிழமை துணி துவைப்பேன் சார்."

"யார் துணி?"

"ரெண்டு பேர் துணியும் சார்."

அறையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் ஒரு வாரம் பார்க்கறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிவறைக்காரர் சொல்லியிருப்பார். அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் முழுக்க இரவுப் பணி. இவர் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். அவள் வரும்போது இவர் கிளம்பியிருப்பார். பேச்செல்லாம் சமையலறைச் சுவரில் ஒட்டும் சீட்டுகளில்தான். சனிக்கிழமை ஆள் பற்றாக்குறையால் பகலும் இரவும் சேர்த்து இரட்டைப் பணி. ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்குவாள். இவர் வாளிச் சத்தம்கூட வராமல் துவைப்பார். ஆக, இருவரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்ப்பது சனிக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை. அந்த அரை மணியில்தான் அவர்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நடத்திய இடம் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம். ஒரு தண்ணீர்த் தொட்டி, அது எந்நேரமும் வழிந்து தேங்கிய ஒரு சின்னக் குட்டை, ஒரே ஒரு மரம், மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. பெஞ்சுக்கு ஒரு கால் செங்கல். குட்டையில் நாலைந்து மைனாக்கள் குளிக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு, "என்னங்க, முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"திங்கட்கிழமை மூணாவது படிவம். வெறுமையாக் குடுத்தா அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து முகாம்."

"முகாம்ல என்ன பண்ணுவாங்க?"

"ஓய்வெடுக்கக் கத்துக் குடுப்பாங்களாம். சாயங்காலம் அஞ்சு வரைக்கும்."

"அப்போ இந்த அரை மணி?"

அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"படிவத்தைக் காட்டுங்க" என்று வாங்கி, நோயாளியின் குறிப்பைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாகப் படித்தாள். "தண்ணி இருக்கான்னு கேட்டிருக்காங்க. இருக்கு. மரம், இதோ. பறவை, அதோ. எல்லாமே இருக்கே! பொய் எழுதாதீங்க. கேட்டதுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லுங்க."

"இடத்துக்குப் பேரு?"

"இதுக்கு ஏதுங்க பேரு? இல்லைன்னே எழுதுங்க."

திங்கட்கிழமை அவர் எழுந்து வாசித்தார். "சென்ற இடம்: பெயர் இல்லை. தூரம்: பதினோரு கிலோமீட்டர். பயண நேரம்: ஒரு மணி இருபது நிமிடம். நீர்நிலை: உண்டு. மரம்: உண்டு. பறவை: உண்டு. கூட்டம்: இல்லை. காரணம்: உட்கார. மனநிலை: இன்னும் ஒரு வாரம் தாங்கும்."

இரண்டு பேருந்து மாறினால் நகரத்துக்குள் பதினோரு கிலோமீட்டருக்கு அவ்வளவு நேரம் ஆகும். ஆனால் பேருந்தில் யாரும் ஓய்வெடுக்கப் போவதில்லை என்பதால் அது யாருக்கும் தோன்றவில்லை.

"பதினோரு கிலோமீட்டருக்கு ஒன்னே கால் மணிக்கு மேலயா?" மேலாளரின் குரல் தழுதழுத்தது. "அப்படின்னா மலைப்பாதை!"

"கூட்டமே இல்லையாம்!" என்றார் விற்பனைக்காரர்.

"பேரே வைக்கலையாம்! இன்னும் யார் கண்ணுலயும் படலை!"

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார் பதிவறைக்காரர்.

"சொல்லாதீங்க! அடக்கம் புரியுது. நாங்களே கண்டுபிடிச்சுக்கறோம்."

கண்டுபிடித்தும் விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை வாசிக்கப்பட்ட அறிக்கைகள் அந்நிறுவனத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கவை. மேலாளர் விடியற்காலையிலேயே அந்தப் பெயரில்லாத இடத்துக்குப் போய்விட்டார். "என்ன ஒரு பனி! எதிர்ல இருக்கற ஆள் தெரியலை." விற்பனைக்காரர் அதைக் கல்லூரியில் படிக்கும்போதே பார்த்திருந்தார், "அப்பல்லாம் இன்னும் அமைதியா இருக்கும்." மற்றவர்களும் ஆளுக்கு ஒரு மலர், ஒரு மான் என்று பார்த்திருந்தார்கள். கணக்காளர் அக்கா மட்டும் எழுந்து, "நானும் தேடினேன். கிடைக்கலை. திரும்பி வந்து வீட்டுல படுத்துட்டேன்" என்றார். எண்களோடு பழகிப் பழகி அவருக்குக் கற்பனை வறண்டுவிட்டதாக எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் மேலாளர். "வர்ற சனிக்கிழமை மொத்த ஆபீசும் போறோம். பதிவறைக்காரர் வழி காட்டுவார். எனக்கு வழி தெரியும். இருந்தாலும் கண்டுபிடிச்சவருக்கு மரியாதை."

அன்று இரவு சமையலறைச் சுவரில் பதிவறைக்காரர் ஒரு சீட்டு ஒட்டினார்: 'சனிக்கிழமை ஆபீஸ் மொத்தமும் பெஞ்சுக்கு வருது. மன்னிச்சிடு.' மறுநாள் மாலை அவர் வீடு திரும்பியபோது பதில் ஒட்டியிருந்தது: 'வரட்டுங்க. பாவம், எங்கெங்கேயோ சுத்திக் களைச்சுப் போயிருப்பாங்க. நமக்கு மட்டும் ரெண்டு பேர் உக்கார இடம் பிடிச்சு வைங்க.'

சனிக்கிழமை மூன்று கார்கள் புறப்பட்டன. மடக்கு நாற்காலி, தொப்பி, குளிர்தாங்கும் சட்டை, பாட்டுப் பெட்டி எல்லாம் ஏறின. முன்காரில் மேலாளருக்குப் பக்கத்தில் பதிவறைக்காரர். மடியில் இரண்டு பேருக்கான சாப்பாட்டு டப்பா. வண்டியில் ஒரு பஞ்சர் விழட்டும் என்று அவர் கடவுளிடம் மனமுருகிக் கேட்டார். கடவுள் நல்லவர், அதைவிட நல்லதாக ஏதோ மனதில் வைத்திருந்தார் போலிருக்கிறது. எல்லா விளக்கும் பச்சையாகவே விழுந்தன.

"மலை எப்ப வரும்?"

"மலை வராது சார். இடது பக்கம் திரும்புங்க."

"ஓ, குறுக்கு வழி! நானும் இதுலதான் வந்தேன்."

ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததும் மேலாளர் பதறினார். "யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லை சார். பின்னாடி போகணும்."

பின்னால் போனார்கள். இறங்கினார்கள். தொட்டி வழிந்துகொண்டிருந்தது. ஒரு மைனா தலையை உதறி எல்லோரையும் பார்த்தது.

"இதுதான் சார் அந்த இடம்," என்றார் பதிவறைக்காரர்.

எல்லோரும் மேலாளரையே பார்த்தார்கள். மேலாளர் தொட்டியைப் பார்த்தார். செங்கல் கால் பெஞ்சைப் பார்த்தார். தான் பார்த்த பனியை நினைத்துக்கொண்டார். பெரிய பதவிக்குப் பெரிய மனிதர் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது.

"அதே இடம்!" என்றார். "அன்னிக்குப் பனி, இன்னிக்கு வெயில். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நான் படிக்கும்போது இந்தத் தொட்டி புதுசு சார்," என்றார் விற்பனைக்காரர்.

மானைப் பார்த்தவர் மரத்தைச் சுற்றி வந்து, "இங்கதான் நின்னுச்சு" என்றார்.

சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்ததால் பாட்டுப் பெட்டி காருக்கே திரும்பியது. நாற்காலிகளை விரித்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் மேலாளர், நடுவில் விற்பனைக்காரர், மறு ஓரத்தில் கணக்காளர் அக்கா. பேசக் கூடாது, போக வேறு இடம் இல்லை, பார்க்க மைனாவைத் தவிர ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மேலாளரின் தலை பின்னால் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. இருபது வருடமாக மெத்தை விற்ற மனிதர், செங்கல் முட்டுக்கொடுத்த பலகையில் குழந்தைபோல் தூங்கிவிட்டார்.

சரியாக ஒரு மணிக்கு, ஈரக் கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தபடி நர்ஸ் வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தார். 'எழுந்திருங்க' என்ற ஒரு சொல் அவர் தொண்டைவரை வந்தது. மேலாளர் முகத்தையும் விற்பனைக்காரர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"பரவாயில்லைங்க," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "நின்னுட்டே சாப்பிடலாம்." சொல்லிவிட்டு ஒரு காலைத் தூக்கிச் சுவரில் வைத்து, மற்ற காலுக்கு முறை வரும்வரை நின்றாள்.

நாற்காலிக்காரர்கள் மைனாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. கணக்காளர் அக்காவுக்கு எதையும் எண்ணும் பழக்கம். அந்தப் பெண் கால் மாற்றுவதை எண்ணினார், டப்பாவில் இரண்டு கரண்டி இருப்பதை எண்ணினார், கூட்டிப் பார்த்தார். விடை வந்துவிட்டது.

"தம்பி," என்று விற்பனைக்காரரின் தோளைத் தட்டினார். "உங்க நீல வண்டியை வழியில இருக்கற மரத்தடியிலயா நிறுத்தினீங்க? பறவை உண்டாங்கற கேள்விக்கு, மேல கூரையிலயே பதில் எழுதியிருக்கு போல."

விற்பனைக்காரர் அலறாமல் ஓடினார். அக்கா வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. மரத்தடியில் நிற்கிற வண்டிக்கு அது எப்போதும் உண்மைதான். பிறகு அவரும் எழுந்தார். ஒரு அடி தள்ளி, மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, "வாம்மா, உக்காரு. நீங்களும் வாங்க சார்" என்றார்.

"நீங்க உக்காருங்கக்கா..."

"நான் வாரம் பூரா உக்காந்தே இருக்கறவ. உக்காரும்மா."

உட்கார்ந்தார்கள். பதினெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

"இவர்தான் உங்க மேலாளரா?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"ம்."

"பாவம், கழுத்து பிடிச்சுக்கும்." தன் தோள் துண்டை எடுத்து மடித்து, தூக்கம் கலையாமல் அவர் தலைக்குக் கீழே கொடுத்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். பிறகு டப்பா திறந்தது. ஒன்றரை மணிக்கு அவள் உள்ளே போனபோது, வாய்விட்டுச் சிரித்த சத்தம் கதவு சாத்திய பின்னும் கொஞ்சம் கேட்டது.

திங்கட்கிழமை மேலாளர் 'இருபது ஆண்டுகளில் காணாத ஓய்வு' என்று எழுதியிருந்தார். தலைக்குக் கீழே துண்டு எப்படி வந்தது என்று எழுதவில்லை. அதற்குப் பத்தி இல்லை. விற்பனைக்காரர், "இனிமே அங்க போக முடியாது சார். கூட்டம் வந்து கெடுத்துடுச்சு" என்றார். அந்தக் கூட்டம் யார் என்று யாரும் கேட்காததால், வேறு இடம் தேடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. பெஞ்சு உரியவர்களிடம் திரும்பிப் போயிற்று. பதிவறைக்காரர் அந்தப் பெயரில்லாத இடத்தையே மறுபடி படிவத்தில் நிரப்பினார். அதைத் தடுக்க விதி எதுவும் இருக்கவில்லை.

கடைசியாகக் கணக்காளர் அக்கா வாசித்தார். "சென்ற இடம்: பெஞ்சுக்குப் பக்கத்தில். தூரம்: ஒரு அடி. காரணம்: ஒருத்தர் நின்னுட்டு இருந்தாங்க. மனநிலை: நல்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பதிவறைக்காரர் மட்டும் எழுந்து நின்றார். அந்த அறையில் யாரும் கேட்காமல் அவர் பேசி முடித்தது அதுவே முதல்முறை. "சார், அதை ஏத்துக்கணும். நம்ம எல்லாரையும் விட அக்காதான் தூரம் போயிட்டு வந்தாங்க."

மேலாளர் நியாயமானவர். விதிப்புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். பழைய அறிக்கைகள் அத்தனையையும் பதிவறையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, ஒன்று விடாமல் புரட்டினார். பிறகு படிவத்தின் கீழே, தெளிவான கையெழுத்தில், தம் தீர்ப்பை எழுதினார்:

'பிறர் பொருட்டு ஒரு அடி தூரம் செல்வது. இந்நிறுவனத்தில் இதுவரை எவரும் சென்றதாக முன்னுதாரணம் இல்லை. எனவே நிராகரிக்கப்படுகிறது.'