ஆன்ட்டியை வேலை செய்ய விடுவோமா?

எனக்குச் சந்தேக புத்தி. கடைக்காரர் சிரித்துப் பேசினால் பில்லை மறுபடி பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில், டெக்சாஸின் பேர்லேண்ட் ஊரில் நாங்கள் இருந்த வீடு போக இன்னும் இரண்டு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் வந்த நஷ்டத்தைக் கணவரின் சம்பளத்தில் கழித்துத்தான் வரி கட்டினோம். அதற்கு ஒரு நிபந்தனை: அந்த வீடுகளுக்காக நான் வருடத்தில் எழுநூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். உழைத்தேன் ஐயா! பெயின்ட் அடித்தேன், புல் வெட்டினேன், டாய்லெட் அடைப்பு எடுத்தேன். எழுதி மட்டும் வைக்கவில்லை. (வீட்டு வேலையை யாராவது எழுதி வைப்பார்களா?)

வரி அலுவலகம் நிரூபிக்கச் சொல்லிக் கூப்பிட்டது. இல்லாவிட்டால் கழித்ததையெல்லாம் வட்டியோடு கட்ட வேண்டும். மரியாதையாக இருக்கட்டும் என்று பட்டுப்புடவை கட்டி, கை நிறையத் தங்க வளையல் போட்டுக்கொண்டு போனேன். (புத்திசாலி!) நான் டாய்லெட் அடைப்பைப் பற்றிச் சொன்னபோது அதிகாரி அம்மாள் என் வளையல்களையே பார்த்தார். அவருக்கு என் மேல் சந்தேகம், எனக்கு அவர் மேல்.

சாட்சிக்கு, எங்கள் வீடொன்றில் குடியிருந்த செந்திலைக் கூட்டிப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த மதுரைப் பையன். பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவான்.

"ரிப்பேர் வேலையெல்லாம் இவரா செய்கிறார்?" என்று கேட்டார் அதிகாரி.

செந்தில் பதறிவிட்டான். "சேச்சே! எங்க அம்மா மாதிரி அவங்க. ஆன்ட்டியை வேலை செய்ய விடுவோமா? எல்லாம் நாங்களே பாத்துக்குவோம் மேடம்!" என்று ஆங்கிலத்தில் பொழிந்தான்.

"டேய், உண்மையைச் சொல்லுடா!" என்றேன் தமிழில்.

"சாட்சிக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அவ்வளவுதான். வரியை வட்டியோடு கட்டும்படி ஆயிற்று.

அன்று வெளியே வந்ததும், "உங்களை விட்டுக்கொடுக்காமப் பேசினேன், பாத்தீங்களா ஆன்ட்டி?" என்று செந்தில் பூரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "கிச்சன் சிங்க் அடைச்சிருக்கு. அப்படியே ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் போனேன். பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, வந்த நேரத்தை எழுதி, அவன் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் சிங்க்கைத் தொட்டேன்.

இன்றும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் போதும், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் பேனாவோடு வந்து நிற்பாள்.

"வேர் டு ஐ சைன், அம்மா?"