பசுமை விடுதியும் எட்டு ஜேர்மன்காரரும்

பூமியைக் காப்பாற்றுவது என்று நான் முடிவெடுத்தது 2005 ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரத் தேத்தண்ணீருக்குப் பிறகு.

அதற்கு முன்னர் நான் எதையும் காப்பாற்றியதில்லை. முப்பத்திரண்டு வருசம் ஒரு கந்தோரில் கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் கறையான் வந்து எல்லாவற்றையும் ஒரே கிழமையில் வாசித்து முடித்தது. ஓய்வு பெற்று வந்தபோது எனக்கென்று மிஞ்சியவை மூன்று. உப்புவெளியில் ஒரு சின்ன வீடு. அதன் பின்வளவில் ஒரு நீளக் கொட்டில். என் மனைவி புஷ்பவதி. இந்த மூன்றில் கொட்டில் மட்டும்தான் நான் சொன்னபடி கேட்கும்.

அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் சமாதானம் கையெழுத்தாகி மூன்றரை வருசம். முந்தின மார்கழியில் கடல் எங்கள் ஒழுங்கை முடக்கு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் பெரிய மூட்டைகளோடு கடற்கரை வீதியால் நடந்து திரிந்தார்கள். மார்ட்டின் என்று ஒரு ஜேர்மன் பொடியன் என்னை மறித்து, "பூமிக்குக் கெடுதல் செய்யாத தங்குமிடம் இந்தப் பக்கத்தில் இருக்கிறதா?" என்று இங்கிலீசில் கேட்டான். இல்லை என்றேன். அவன் முகம் வாடியது. என் மூளை மலர்ந்தது.

நேரே குசினிக்குப் போனேன். புஷ்பவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"புஷ்பம், நாங்கள் ஒரு விடுதி திறக்கப்போறம்."

"ஆர் நாங்கள்?"

"நீரும் நானும்தான். சும்மா விடுதியில்லை. சுற்றாடலுக்கு உகந்த விடுதி."

"சுற்றாடலோ? இருபத்தெட்டு வருசமா நீங்கள் சுத்திச் சுத்தி ஆடுறதைத்தானே பாக்கிறன். இனி அதுக்கு விடுதி வேறையோ?"

"பகிடி விடாதையும். கொட்டிலுக்குக் கரண்ட் இல்லை. ஃபான் இல்லை. பிளாஸ்ரிக் இல்லை. சவுக்காரம் இல்லை. குளிக்கக் கிணத்துத் தண்ணி, ஆளுக்கு மூண்டு வாளி. தண்ணி ஊத்தாத கக்கூஸ். இருந்து எழும்பினாப் பிறகு மேல சாம்பலும் மரத்தூளும் போடுறது."

அவள் துருவுவதை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, தொண்ணூறாம் ஆண்டு அகதி முகாமில நாங்கள் இருந்தது இப்பிடித்தானே?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"அது கஷ்டம். இது கொள்கை."

"அந்தக் கக்கூசைப் பாத்திட்டு ஒரு வெள்ளைக்காரி நிண்டு கண்ணைத் துடைச்சவ. இப்ப அவவின்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து அதில இருத்தப்போறியளோ?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் திரும்பவும் துருவத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்தில் எந்தக் கொள்கையும் எடுபடாது.

பக்கத்து வீட்டு முஹம்மது தம்பி நல்ல தச்சர். அவர் மேலும் கீழுமாக இரண்டு பேர் படுக்கிற கட்டில் நான்கு செய்து தந்தார். எட்டுப் படுக்கை. கடைசி ஆணியை அடிக்கும்போது பெருமூச்சு விட்டார்.

"சண்டை வரப்போகுதெண்டு ஊரெல்லாம் கதை. எல்லாரும் கதவுக்கும் யன்னலுக்கும் ஓடர் தாறாங்க. நீங்க ஒராள்தான் கட்டிலுக்குத் தந்தீங்க."

"ஆர் சொன்னது சண்டை வருமெண்டு?"

"பேப்பர் பாக்கிறேல்லையா?"

பேப்பரை நான் நிற்பாட்டி ஒரு மாதம். நல்ல சேதி வரும்போது திரும்ப எடுக்கலாம் என்று யோசித்திருந்தேன்.

பலகை ஒன்றில் பச்சை மையால் 'பசுமை விடுதி' என்று நானே எழுதிக் கொட்டில் வாசலில் மாட்டினேன். புஷ்பவதி வந்து, இடுப்பில் கையை வைத்து, பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பசுமை எண்டு போட்டிருக்கு. எனக்குத் தெரிய இந்த வளவில நிக்கிறது ஒரு எருமைதான்."

மாசியில் மார்ட்டின் திரும்பவும் இந்தப் பக்கம் வந்து இரண்டு நாள் தங்கினான். முதல் நாள் எல்லாம் அற்புதம் என்றான். இரண்டாம் நாள் ஃபான் இருக்கிறதா என்று கேட்டான். மூன்றாம் நாள் காலை, போய் நண்பர்களை அனுப்புகிறேன் என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். பசுமை விடுதிக்கு வந்த வெள்ளைக்காரர்களின் முழு விபரமும் இதுதான்.

சித்திரையில் இந்தக் கரையில் வெள்ளைக்காரர் வருகிற பருவம் தொடங்கும். தொடங்கியது. விருந்தாளிகள் வரவில்லை, விமானங்கள் வந்தன. குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் விழுந்த குண்டின் அதிர்வில் என் கொட்டில் கதவு தானாகத் திறந்தது. அந்தப் பருவத்தில் அது திறந்தது அதுதான் முதல் தடவை.

கடற்கரை வீதி வெறிச்சோடிப் போயிற்று. பின்னேரமானால் ஊரடங்கு. நான் தினமும் பலகைக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தேன். காகங்கள் வந்தன. ஒரு நாள் ஆமிக்காரர் வந்து எட்டுக் கட்டில் எதற்கு என்று கேட்டார்கள். பூமியைக் காப்பாற்ற என்றேன். கட்டில்களை இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்தார்கள்.

அந்தக் கிழமைதான் புஷ்பவதி மெல்லப் பேச்சைத் தொடங்கினாள்.

"நல்லம்மா அக்கா ஆக்கள் சம்பூரில இருந்து வள்ளத்தில வந்திட்டினம். கோயில் மண்டபத்தில நிக்கினம். அங்க கால் வைக்க இடமில்லை."

நல்லம்மா அவளுடைய பெரியம்மாவின் மகள்.

"எத்தினை பேர்?"

"பதினொரு பேர்."

பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினொரு பேர் என்று இரண்டாவதாக நினைத்தேன். அவர்கள் வந்து இருந்துவிட்டால் என் விடுதி விடுதியாக இராது, பருவம் திரும்பவும் வராது, சண்டை உண்மையாகவே தொடங்கிவிட்டது என்று நானும் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அந்தக் கடைசி விசயம்தான் என்னால் ஏலாதது.

"புஷ்பம், கொட்டிலில ஆரையும் இருத்தலாம் எண்டில்லை. இயற்கையோட ஒத்து வாழத் தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தான் இந்த இடம். விதியெல்லாம் சுவரில எழுதிக் கிடக்கு."

"ஓம். விதி விதிதான்," என்றாள் அவள். அவ்வளவு கெதியில் அவள் ஒத்துக்கொண்டது எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் பதினொரு பேரும் வாசலில் நின்றார்கள். நல்லம்மா, அவளுடைய புருசன் இராசையா, இரண்டு பெட்டைகள், இரண்டு மருமக்கள், இடுப்பிலும் தோளிலுமாக ஐந்து பேரப்பிள்ளைகள். புஷ்பவதி என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வாசியுங்கோ. கேட்டு, சரிவந்தால்தான் இருப்பினம்."

வாசித்தேன். "கரண்ட் இல்லை."

"சம்பூரில அது போய்ப் பதினைஞ்சு வருசம்," என்றார் இராசையா.

"சவுக்காரம் பாவிக்கக் கூடாது."

"எங்களுக்கு அது ஆமிச் சென்றி தாண்டி வாறேல்லைத் தம்பி."

"குளிக்க ஆளுக்கு மூண்டு வாளி."

"மூண்டோ? ஒண்டு காணும்."

"கக்கூசுக்குச் சாம்பல் போடோணும்."

நல்லம்மா ஒரு பொட்டளியை அவிழ்த்துக் காட்டினாள். "அடுப்புச் சாம்பல் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்தனான், பாத்திரம் விளக்க. காணுமோ?"

வீட்டிலிருந்து ஓடி வரும்போது ஒரு மனுசி சாம்பலை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்தேன். மிச்ச விதிகளை வாசிக்கவில்லை. பூமியைக் காப்பாற்றுகிற பரீட்சையில் பதினொரு பேரும் சித்தியெய்திவிட்டார்கள். மார்ட்டினே ஃபான் கேட்ட இடம் அது.

அவர்கள் நல்ல சனம். அதுதான் பெரிய தொல்லை. கூடாத சனமென்றால் கோபிக்கலாம். இராசையா கிணற்றடியில் மிளகாய்க் கன்று நட்டார். மருமக்கள் கூரைக்குக் கிடுகு மாற்றினார்கள். என் விடுதி முன்னெப்போதும் இல்லாத பசுமையாக இருந்தது. அதில் விருந்தாளி மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் என் பலகையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஒரு நாள், சத்தியமாக, யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"புஷ்பம், ஜேர்மனியில இருந்து எட்டுப் பேர் வாறாங்கள். பதினைஞ்சாந் திகதி."

"எட்டுப் பேரோ?"

"எட்டு. மார்ட்டின்ர கூட்டாளியள். ஈமெயில் வந்தது."

"எங்க பாத்தனீங்கள்?"

"ரவுனில, இன்ரநெற் கடையில."

"நல்லது," என்றாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "அப்ப ஆயத்தப்படுத்த வேணும்."

பதினான்காந் திகதி பின்னேரம் நான் கொட்டிலுக்குப் போனேன். பொட்டளிகள் கட்டி வரிசையாக இருந்தன. பேரப்பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுத்து, பவுடர் போட்டிருந்தார்கள்.

"எங்க வெளிக்கிடுறியள்?"

இராசையா எழும்பி நின்றார். "எங்களாலை உங்கட பிழைப்புக் கெடக்கூடாது தம்பி. நாளைக்கு ஆக்கள் வருகினமெல்லோ. நாங்கள் றோட்டாலை நடந்து பாப்பம். எங்கையாவது ஒரு பள்ளிக்கூடத்தில இடம் கிடைக்கும்."

பள்ளிக்கூடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். உண்மை என் வாய் வரைக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவடியில் புஷ்பவதி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். நான் இருமினேன்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஒருத்தரும் றோட்டுக்குப் போகத் தேவையில்லை. கொட்டில் ஜேர்மன்காரருக்கு. பொம்பிளையளும் பிள்ளையளும் எங்கட அறையில. ஆம்பிளையள் கூடத்தில."

"நான்?" என்றேன்.

"ஜேர்மன்காரர் வந்தால் இங்கிலீசில கதைக்க ஆள் வேணும். நீங்கள் கொட்டிலில."

பதினைந்தாந் திகதியை நான் சாகும்வரை மறவேன். புஷ்பவதி எனக்கு வெள்ளை உடுப்பு உடுத்திவிட்டாள். எட்டுப் படுக்கைக்கும் தோய்த்த துணி. வாசலில் குலை வாழை. பதினொரு பேரும் படலையடியில் வரிசையாக நின்று வீதியைப் பார்த்தார்கள். சின்னப் பேத்திக்கு யாரோ 'குட் மோர்னிங்' சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் போகிற வருகிற நாய்க்கெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மத்தியானம் ஆகியது. வெயில் ஏறியது. முஹம்மது தம்பி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆரும் மௌத்தா? செத்த வீடு மாதிரி எல்லாரும் வாசல்ல நிக்கீங்க."

"ஜேர்மன்காரர் வருகினம்," என்றான் ஒரு பேரன்.

"இந்தச் சண்டைக்குள்ளயா?" அவர் என்னைப் பார்த்தார். நான் குலை வாழையைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு ஊரடங்கு. யாரும் வரவில்லை. "நாளைக்கு வருவினம்," என்று இராசையா எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் வெள்ளை உடுப்புத்தான். நான்காம் நாள் குசினியில் போய்க் கதவைச் சாத்தினேன்.

"புஷ்பம், ஒருத்தரும் வரமாட்டினம். நான் பொய் சொன்னனான்."

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"நீங்கள் சொன்ன நேரத்தில இருந்து. சித்திரையில இன்ரநெற் கடை பூட்டினது, இன்னும் திறக்கேல்லை."

"அப்ப ஏன் வாழை கட்டினீர்?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான். இராசையா அண்ணை பொட்டளி கட்டேக்கை சொல்லுவியள் எண்டு நினைச்சனான்."

அந்த ஒரு இடத்தில் அவள் குரல் உடைந்தது. நான் தலை குனிந்தேன்.

"சரி விடுங்கோ. இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்று அவள் மூக்கைத் துடைத்தாள்.

"நான் அறைக்குத் திரும்பலாமோ?"

"பிள்ளையள் இப்பதான் இடம் பழகியிருக்குதுகள். எழுப்ப ஏலாது."

ஓகஸ்டில் மூதூரில் சண்டை. முஹம்மது தம்பியின் தங்கச்சி றுக்கியா தன் பிள்ளைகளோடு ஓடி வந்தாள். அவர் வீட்டில் முன்னமே வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். புஷ்பவதி என்னிடம் கேட்கவில்லை. சேதிதான் சொன்னாள்.

"றுக்கியா ஆக்களுக்குக் கொட்டிலைக் குடுத்திட்டன்."

"எத்தினை பேர்?"

"எட்டுப் பேர். உங்கட கணக்குத்தான்."

நான் விறாந்தைக்கு வந்தேன்.

ஒரு கிழமையால் நிவாரணம் பதிகிற அதிகாரி ஒருவர் கொப்பியோடு வந்தார். எல்லாரையும் எழுதி முடித்து, விறாந்தையில் வெறும் நிலத்தில் படுத்திருந்த என்னைக் கண்டார்.

"இவர்?"

"நான் வீட்டுச் சொந்தக்காரன்," என்று எழும்பினேன்.

புஷ்பவதி குறுக்கே வந்தாள். "பாவம், யோசிச்சு யோசிச்சு இப்பிடித்தான் கதைக்கிறார். எழுதுங்கோ ஐயா. குலசிங்கம். வயசு அறுபத்தொண்டு. ரெண்டு தரம் இடம்பெயர்ந்தவர்."

"எங்கையிருந்து?"

"முதல் அறையில இருந்து கொட்டிலுக்கு. பிறகு கொட்டிலில இருந்து விறாந்தைக்கு."

அதிகாரி பேனையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் உண்மையான இரக்கம் தெரிந்தது. பெயரை எழுதி, அதற்கு நேரே ஒரு பாய் என்று குறித்தார்.

மூன்றாம் நாள் பாய் வந்தது. அதில் இராசையா படுத்தார்.