இரண்டு விரலுக்கு ஒரு வேலை

நல்லூர், திருப்பூர்
ஞாயிறு மாலை

உடுமலைப்பேட்டை மச்சான் ஆறுச்சாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் மயில்சாமி வணங்கி எழுதுவது. தாங்களும் தென்னைமரங்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான், தங்கள் தங்கை ஞானாம்பாள், மகள் ஜெயசுதா, மிச்சமிருக்கும் என் எட்டு விரல்கள் எல்லோரும் நலம். ஒற்றை அறை வீட்டில் போனில் பேசினால் எல்லோர் காதிலும் விழும் என்பதால்தான் இடது கையால் இந்தக் கோழிக்கிறுக்கல்.

போன மாதம் கட்டிங் மிஷினில் பனியன் துணியோடு என் இரண்டு விரல்களும் போனது தாங்கள் அறிந்ததே. அன்று சாப்பாடு கொண்டுவந்த ஜெயசுதாதான் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "யாரும்மா கட்டினது? நல்லாக் கட்டியிருக்கே" என்றாராம். மாசக்கணக்கில் நர்சிங் நர்சிங் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அது போதாதா? தாங்களும் கோயமுத்தூர் நர்சிங் காலேஜில் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். அதற்குள் முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க மயில்சாமி, போன வெரலு திரும்பி வருமாங்க? லேபர் ஆபீசுக்கெல்லாம் அலைய வேண்டாங்க. புள்ளைய செக்கிங்ல சேத்துக்கறேன். உங்களுக்குக் கேட்டுல வாட்ச்மேன் வேலை. அவ வந்தாத்தான் ரெண்டும்" என்றார். நாள் முழுக்க நின்றபடி பனியனில் ஓட்டை தேடுகிற வேலை மச்சான். பதினெட்டு வயசுப் பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு, "எனக்கே தெரியலீங்கப்பா. முருகன்கிட்டப் பூப் போட்டுக் கேட்டுறலாங்க" என்றாள்.

இன்று காலை கோயிலுக்குப் போனோம். வெள்ளை வந்தால் நர்சிங், சிவப்பு வந்தால் கம்பெனி என்று பேச்சு. பொட்டலம் கட்டியது நான். ஞானாம்பாள் ஒத்தாசைக்கு வந்தாள், விரட்டிவிட்டுப் பல்லால் நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பாப்பாவை எடுக்கச் சொன்னால், அவள் முதலில் பூசாரியின் புகையிலைப் பொட்டலத்தை எடுத்துவிட்டாள். பூசாரி பதறிப் பிடுங்க, பாப்பா அழ, இரண்டாம் முறை எடுத்தது சிவப்பு அரளி. ஞானாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயசுதா, "செரிங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். தெய்வம் சொன்ன பிறகு நாம் யார் மச்சான்? ஆகவே தாங்கள் அந்தச் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். முருகன் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மயில்சாமி

பின்குறிப்பு: திங்கள் காலை. மச்சான், சீட்டை விட்டுவிடாதீர்கள். இரண்டு பொட்டலத்திலும் நான் சிவப்பைத்தான் வைத்தேன். எட்டு விரலோடு இனி யார் வேலை தருவார்கள் என்ற பயம். வெள்ளை நந்தியாவட்டையை எறிய மனசு வராமல் சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டேன். இன்று துவைக்க எடுத்தபோது ஜெயசுதா அதைக் கண்டாள். என் கைக்கட்டைப் பிரித்து, மருந்து வைத்து, புதுக்கட்டுப் போட்டாள். "நேரமாச்சுங்கப்பா, மொத நாளே லேட்டாப் போனா நல்லா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டுச் செந்தில்வேல் உடுமலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். நாளைக்கே வந்து அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போங்கள். போ என்று நான் சொன்னால் போகமாட்டாள். என் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.