தேருக்கு முன்னால் ஒரு சதவீதம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு விலை சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. கத்திரிக்காயிலிருந்து கல்யாண மண்டபம் வரை, பேசிக் கொஞ்சமாவது குறைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ராஜபாளையத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் என்பதால் இதைத் தொழில் பக்தி என்று நானே சொல்லிக்கொள்வேன். (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.) அந்த வியாதி முற்றிப்போய், ஊரே கூடியிருந்த இடத்தில் என் மானத்தை வாங்கிய கதை இது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் கார் என்றாலே அந்தச் சின்ன வெள்ளைக் கார்தான். மில் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களும், பேண்டேஜ் துணி வியாபாரிகளும், பல் டாக்டரும் வரிசையாக வாங்கினார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினால் மகள் சுதா முன்னால் நிற்பாள், மகன் நடுவில் நசுங்குவான், நான் பின்னால் பாதி காற்றில் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஐப்பசி மழையில் நான்கு பேரும் தெப்பமாக நனைந்து அப்பா வீட்டு வாசலில் போய் நின்ற அன்று, அடுத்த மழைக்குள் கார் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எதற்கும் அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் கடன் என்றாலே அவருக்கு ஆகாது. மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒன் சம்பளத்துக்குள்ள மாசத் தவணை அடங்குச்சுன்னா வாங்குவோம். அதுக்கு மேல போச்சுன்னா மறுநாளே வண்டிய வித்துருவேன். பொறவு இந்த வீட்டுல கார்ங்கிற பேச்சே வரக் கூடாது."

நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதன்பின் ஐந்து சனிக்கிழமைகள் நான் ஃபைனான்ஸ் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். கையில் கோடு போட்ட நீளமான நோட்டு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பக்கம். ஒருவர் வட்டியைக் குறைத்துச் சொல்லிவிட்டு டாகுமெண்ட் செலவு என்று வேறு வழியில் வாங்கப் பார்த்தார். இன்னொருவர் முதல் மூன்று தவணையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வோம் என்பதைக் கடைசி நிமிஷத்தில், கதவு வரை வந்து சொன்னார். ஒரு இடத்தில் சுவர்க்கடிகாரம் இலவசம் என்றார்கள். கடிகாரம் வேண்டாம், அதன் விலையை வட்டியில் கழியுங்கள் என்றேன். அந்த மேனேஜர் அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

எல்லோரும் பதினொரு சதவீதத்தில் பாறையாக நின்றார்கள். என் சம்பளத்துக்குள் தவணை அடங்க வேண்டுமென்றால் பத்து வேண்டும். அந்த ஒரு சதவீதத்துக்காக நான் இரவெல்லாம் புரண்டேன் என்று சொன்னால் மிகை. (இரண்டு இரவு மட்டும்தான்.) அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஆடி மாதத்தில் ஜவுளிக்கடைக்காரர்கள் எதற்காகத் தள்ளுபடி போடுகிறார்கள்? யாரும் வாங்க வருவதில்லை, அதனால். ஆடியில் புது வண்டி எடுக்கிறவர் உண்டா? கிடையாது. அப்படியானால் ஃபைனான்ஸ்காரரும் இறங்கி வந்துதானே ஆக வேண்டும்?

வந்தார்கள். பஜாரில் மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில், சென்னை ஹெட் ஆபீஸ் அனுப்பிய சுற்றறிக்கையை மேனேஜர் சீனிவாசன் எடுத்துக் காட்டினார். ஆடியில் வண்டி எடுத்தால் பத்து சதவீதம். ஆனால் ஒரு கடைசித் தேதி இருந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஜாமீன்தாரர் கையெழுத்தும், வண்டியின் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த பிரதியும் ஃபைலில் ஏற வேண்டும். தவறினால் பதினொன்று.

சீனிவாசன் எப்போதும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. தேர்வு ஹாலில் சூப்பர்வைசர் நிற்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் "நான் வாரேன் சார், எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியவர் என் அப்பா.

அப்பா துள்ளினார். "ஆடியிலயா? ஏட்டி, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

நான் அமைதியாகக் கேட்டேன். "ஆண்டாள் எந்த மாசத்துல பொறந்தா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. தேர் ஓடும் தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் அறுபது வருஷமாகக் குடியிருப்பவர், ஆடிப்பூரத்தை நல்ல நாள் இல்லை என்று எந்த வாயால் சொல்வார்? காலண்டரைப் புரட்டினால், ஃபைனான்ஸ்காரர்கள் சொன்ன கடைசித் தேதியும் ஆடிப்பூரமும் ஒரே நாள். இது தாயாரே போட்டுக் கொடுத்த திட்டம் என்று எனக்குப் புல்லரித்தது. அப்பா கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஆடியின் மற்ற நாட்களில் பேனாவைத் தொட மாட்டாராம். பூரத்தன்று, புது வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

மறுநாள் சீனிவாசனிடம் போய், கடைசித் தேதியன்றே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நாலரை மணிக்கு வண்டியோடு ஆபீஸ் வாசலில் நிற்பேன் என்றேன். அவர் "டீச்சர், அன்னைக்கு வந்து..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆடி, பீடை என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்து, ஆண்டாள் அவதார மகிமையை அவருக்குக் கால்மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பூரத்தன்று பள்ளிக்கூடம் லீவு. அதனால் எனக்கு ஒரு நாள் லீவு போடும் செலவுகூட மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். (இந்த வாக்கியத்தை வாசகர்கள் இன்னொரு முறை படிக்கலாம். நான் அன்று படிக்கவில்லை.) பிள்ளைகளை முதல் நாளே அப்பா வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் விடியற்காலை பஸ்ஸில் மதுரை போனோம். வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. என் வீட்டுக்காரர் லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. முன்னால் ஓட்டுவதில் நிதானமானவர். ரிவர்ஸ் மட்டும் அவருக்கும் வண்டிக்கும் ஒத்துவராது.

ஆடிப்பூரத் தேர் மத்தியானத்துக்குள் நிலைக்கு வந்துவிடும், நாம் மூன்று மணிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர், கையெழுத்துக்குப் பத்து நிமிஷம், நாலரைக்கு ராஜபாளையம். இதுதான் என் கணக்கு. ஆனால் ஊருக்கு வெளியிலேயே போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சக்கரம் பள்ளத்தில் இறங்கி, தேர் வெகுநேரம் நகராமல் நின்றுவிட்டதாம். இப்போதுதான் தெற்கு ரத வீதிக்குள் திரும்பியிருக்கிறதாம். வண்டியை இங்கேயே ஓரம் கட்டிவிட்டு நடந்து போய் அப்பாவைக் கூட்டி வரலாம் என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். நான் பிறந்து வளர்ந்த ஊர். எனக்குத் தெரியாத சந்தா?

இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது என்று நான் வழி சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். கடைசிச் சந்து அப்பா வீட்டுக்கு எதிரே ரத வீதியில் முட்டும். வீதியைக் குறுக்கே தாண்டினால் அப்பா வீட்டுச் சந்து. முட்டியது. நாங்கள் வெளியே வந்து நின்றது, தேர்வடத்துக்கு நேர் முன்னால். நூறடி தூரத்தில் தேர் மலையாக நிற்கிறது. எதிர்ச் சந்து நிறைய ஜனம். பின்னால் பார்த்தால், வந்த வழியும் அடைத்துவிட்டது.

வடம் பிடித்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மாலை போட்ட கார் ஒன்று தேருக்கு எதிர்ப்பட்டதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சட்டையில்லாத உடம்பும், நெஞ்சு நிறையச் சந்தனமும், தலையில் ஈரத்துண்டுமாக ஒரு கனத்த மனிதர் முன்னால் வந்தார். வண்டியைத் தூக்கித்தான் ஓரமாக வைக்க வேண்டும், இரண்டு பேரும் இறங்குங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் இறங்கினார். கொஞ்சமும் தயங்காமல் இறங்கினார். நான் இறங்கவில்லை. புது வண்டி, ஃபைலில் இன்னும் நம்பர் ஏறாத வண்டி. இவர்கள் எங்கே போட்டு உடைப்பார்களோ? மடியில் ஃபைலை இறுக்கிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் கண்ணாடியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். அப்புறம் திரும்பி மற்றவர்களிடம் சொன்னார்.

"அவுகளோடயே தூக்குங்கலே."

இருபது பேர் இருப்பார்கள். வண்டி தரையை விட்டு எழும்பியது. பழக்கதோஷத்தில் ஒருவர் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தார். கூட்டம் முழுக்க "கோபாலா" என்றது. மாலை ஆட, வண்டி அசைந்து அசைந்து போனது. ஒரு மாடியிலிருந்து யாரோ பூ எறிந்தார்கள். அடுத்த மாடியில் என் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவிகள் ஏழு பேர் நின்றிருந்தார்கள். அப்பா வீட்டு மொட்டை மாடியிலிருந்து சுதா மட்டும் பெருமையாகக் கையாட்டினாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பக் கையாட்டினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

வண்டியை ஒரு வீட்டுச் சுவருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்கும் நடுவில் கச்சிதமாக வைத்துவிட்டு வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அவ்வளவு கச்சிதம், இரண்டு பக்கக் கதவும் திறக்கவில்லை. தேர் நகர்ந்தது. அந்தப் பெரிய சக்கரங்கள் என்னைக் கடந்து போகும்போது மணி நாலு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கை கூப்பினேன். ஊரெல்லாம் மோட்சம் கேட்கும் நேரத்தில் நான் ஒரு சதவீதம் கேட்டேன். கேட்டது வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

தேர் போனதும் அந்தக் கனத்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் கண்ணாடியை இறக்கி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். அஞ்சு மணிக்குள் நான் ராஜபாளையத்தில் இருக்க வேண்டும், ஃபைனான்ஸ் ஆபீஸைச் சாத்திவிட்டால் என் வண்டியே போச்சு, யார் பொறுப்பு என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார்.

"ஆபீஸ் சாவி இந்தா இருக்கு டீச்சர். இன்னைக்கு நமக்கு லீவு. அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"

டை இல்லை, கண்ணாடி இல்லை, சட்டையே இல்லை. சீனிவாசனை நான் எப்படி அடையாளம் காண்பது? வருஷா வருஷம் வடம் பிடிப்பவராம். பூரத்தன்று பள்ளிக்கூடம் லீவு என்று தெரிந்த எனக்கு, ஆபீஸும் லீவாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. தேதி போட்ட சென்னைக்காரர்களுக்கு எங்கள் தேரைத் தெரியாது. எனக்குமா தெரியாது?

"அப்ப பத்து சதவீதம்?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தேர் போன திசையைப் பார்த்தார். "மணி இன்னும் அஞ்சாகலையே. ஃபைலக் குடுங்க" என்றார்.

உள்ளிருந்தே பானெட் கொக்கியை இழுத்தேன். பென்சில் யாரிடமும் இல்லை. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்து, யார் தட்டிலிருந்தோ வாங்கிய குங்குமத்தால் சீனிவாசனே தேய்த்தார். நம்பர் சிவப்பாக, ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. அப்பா வந்து வண்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு பானெட் மேலேயே ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நாலு ஐம்பது என்று நேரத்தை எழுதும்படி சீனிவாசனிடம் சொன்னேன். எழுதினார். கதவு திறக்காததால், அதே இருபது பேர் திரும்ப வந்து என்னோடு சேர்த்து வண்டியை இரண்டாவது முறையும் தூக்க வேண்டியிருந்தது. இந்த முறை யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து, சேசிஸ் பிரதி ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கடிதம் வந்ததாம். ஸ்தல வழக்கம் என்று சீனிவாசன் பதில் எழுதிவிட்டார். சாமியைச் சப்பரத்தில் தூக்குவதுபோல் என்னைத் தூக்கியதால், பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும் வரை நான் சப்பர டீச்சர். மூன்று வருஷத் தவணையும் என் சம்பளத்துக்குள் அடங்கியது, வண்டியை யாரும் விற்கவில்லை.

போன மாதம் சுதா கார் வாங்கக் கடன் கேட்டு பேங்குக்குப் போனாள். வட்டி பேச என்னைக் கூட்டிப்போனாள், துணைக்கு இவரும் வந்தார். ஒரு மணி நேரம் பேசி, அந்த ஆபீசரைக் கால் சதவீதம் இறக்கிவிட்டு, நான் வெற்றியோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்தச் சலுகை முடியிற அன்னைக்கு ஒங்க பேங்க் தெறந்திருக்குமா?"

சுதா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அந்த ஆபீசர் ஒன்றும் புரியாமல் காலண்டரை எடுத்துப் பார்த்தார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.