மோட்டாருக்கு ஒரு நாற்காலி

இனி ஆயுசுக்கும் இனிப்பைத் தொடமாட்டேன் என்று வேணுகோபால் டாக்டர் முன்னால் சத்தியம் செய்தார். சத்தியம் ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்கியது. அங்கே பரசுராமன் கடையில் ஜாங்கிரி பாகில் முங்கிக் கிடந்தது.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அடுத்த மாசம் சுகர் இறங்காவிட்டால் தினம் ஊசி. ஊசியை நினைத்தாலே, ஒரு காலத்தில் பட்டு நெய்த வேணுகோபால் கண்ணுக்கு அது தறியில் ஓடுகிற நாடா அளவுக்குத் தெரியும். வீட்டுக்காரி பொன்னம்மாளோ அன்றைக்கே பலகார டப்பாக்களைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் குளம் கைகொடுத்தது.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் குதிக்கட்டும் என்று மகன் ஜெயக்குமார் தோட்டத்தில் சின்னதாய் நீச்சல் குளம் கட்டியிருந்தான். குளம் அழகுதான். பக்கத்தில் நின்ற சாமான்கள்தான் கண்றாவி. உறுமுகிற மோட்டார், அண்டா கணக்காய் நீல பில்டர், குடல் சரிந்த மாதிரிக் குழாய்கள். சம்பந்தி வீட்டார் பார்த்தால் மானம் போகும், எதையாவது கட்டி மறையுங்கள் என்று பொன்னம்மாள் ஒரு வருஷமாய்ச் சொல்லிவந்தாள். ஒரு வருஷமாய் அவருக்கு இடுப்பு வலி.

டப்பாக்கள் பூட்டிய மறுநாள் இடுப்பு வலி பறந்துவிட்டது. மூங்கில் தட்டி வாங்கிவந்து தானே கட்டினார். மூன்று பக்கம் தட்டி, ஒரு பக்கம் மதில், ஆள் நுழைய ஒரு படல். உள்ளே ஒரு நாற்காலி.

“இன்னாங்க, மோட்டாரு உக்காரவா நாற்காலி?”

“பில்டரைப் பாத்துகினே இருக்கணும் பொன்னு. அசந்தா தண்ணி பச்சை புடிச்சிரும். அப்புறம் பெரிய பேஜாரு.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவ்வளவு சுலபமாய் அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

காலையில் நாலு ஜாங்கிரி வாங்கிப் பில்டர் மேல் வைப்பார். சாயங்காலம் மோட்டாரைப் போட்டுப் படலைச் சாத்துவார். மெல்லுகிற சத்தம் வெளியே கேட்காது. இப்படிச் சத்தத்துக்குள் ஒளிந்து தின்பது அவருக்கு முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம்.

இப்போது குளம் இருக்கிற இடத்தில்தான் அப்போது தறி இருந்தது. கல்யாணமான புதுசு. வீட்டுப் பலகாரத்துக்கு அவர் அம்மா காவல். பொன்னம்மாளுக்கென்று ஜாங்கிரி வாங்கிவந்து தறிக்குழியில், காலடியில் ஒளித்துவைப்பார். அறுந்த இழையை முடிகிற சாக்கில் அவள் பக்கத்தில் வந்து குந்துவாள். அவள் முடிச்சுப் போட்டால் முடிச்சு இருக்கிற இடமே தெரியாது. அவர் சடசடவென்று தறியை ஓட்ட, அந்தச் சத்தத்துக்குள்ளே அவள் தின்பாள். பாதியைப் பிட்டு அவர் வாயில் திணிப்பாள். பட்டில் பாகு பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் விரலைச் சப்பிக்கொண்டு சிரிப்பார்கள். மோட்டார் ஓடும்போது அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவருக்குக் கேட்டது. பாவம், அவளுக்கும் ஒன்று கொடுத்தால் என்ன என்று இருக்கும். கொடுத்தால் மாட்டிக்கொள்வோமே என்று அதையும் தானே தின்பார்.

அதற்குள் ஒரு தொல்லை. நாலு வைத்தால் சாயங்காலம் இரண்டுதான் இருந்தது. பிறகு ஒன்று. அப்புறம் தினமும் அரை. அதுவும் அழகாய்ப் பிட்ட அரை. எலிதான் என்று முடிவுகட்டினார். ஆரணி எலிக்கு இவ்வளவு நேர்த்தியா என்று வியக்கவும் செய்தார். கடைசியில் ஒரு எலிக்கூண்டு வாங்கி, கொக்கியில் முழு ஜாங்கிரி மாட்டிவைத்துவிட்டு, சுகர் டெஸ்ட்டுக்குப் போனார்.

சுகர் இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம், இப்படியே வாயைக் கட்டுங்கள் என்று டாக்டர் முதுகில் தட்டினார். வேணுகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே வந்து படலைத் திறந்தார்.

கூண்டு சாத்தியிருந்தது. எலி இல்லை. ஜாங்கிரியும் இல்லை. கொக்கியில் ஒரு பாகற்காய்த் துண்டு, சிவப்புப் பட்டு இழையால் கட்டித் தொங்கியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “இன்னாங்க, மாட்டிகிச்சா?”

“மாட்டிகிச்சி” என்றார்.

“நாளைக்கு வாங்கும்போது பாகு நல்லா ஊறினதா பாத்து வாங்கினு வாங்க. எலிக்கு அதான் புடிக்கும்.”