கொக்கி அண்ணையும் நடு சீட்டும்

வள்ளம் இழுக்கப் பிக்கப் வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தப் பிக்கப்புக்குப் பின்னால் வள்ளத்தைக் கட்டி, இரண்டையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றி, விமான நிலையத்துக்குப் பெண்சாதியைக் கூப்பிடப் போன மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கொக்கி அண்ணை. அந்தப் பயணத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த பாவி நான்.

அப்போது நாங்கள் பிராண்டேயில் இருந்தோம். டென்மார்க்கில், யூலண்ட் பகுதியின் நட்டநடுவில் ஒரு சின்ன ஊர். கடல் என்ற சாமானை அந்த ஊரில் படத்தில்தான் பார்க்கலாம். அகதிகளாக வந்த எங்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். நானும் அவரும் சோபா செய்யும் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் தனிக்கட்டை. அவர் மன்னாரில் மனைவி ஞானம் அக்காவையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டு வந்தவர்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுப்பதற்காக அவர் ஒரு வள்ளத்தை விற்றிருந்தார். அங்கேதான் சிக்கல். அது ஞானம் அக்காவுக்குச் சீதனமாக வந்த வள்ளம். எங்கள் கரையோர ஊர்களில் நகை, காணியைப் போல வள்ளமும் பெண்ணோடு வரும். பெண்சாதியின் வள்ளத்தை விற்றவனுக்கு மாமனார் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

"தம்பி, ஞானம் வந்து இறங்கேக்கை ஒரு வள்ளம் அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கவேணும். அது இல்லாமல் நான் அவவின்ரை முகத்திலை முழிக்கேலாது" என்றார்.

"அண்ணை, பிராண்டேயிலை வள்ளத்தை எங்கை விடப்போறியள்? குளிக்கிற தொட்டியிலையோ?"

"அது பிறகு பாப்பம்."

வள்ளம் லேசாகக் கிடைத்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்ற கார்ல் என்ற கிழவர் ஸ்கீவ என்ற ஊரில், ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரையில் குடியிருந்தார். அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பழைய மர வள்ளம், ட்ரெய்லரோடு, தார்ப்பாய் மூடிக் கிடந்தது. "இழுத்துக்கொண்டு போக முடிந்தால் உனக்குத்தான்" என்றார் கார்ல். கொக்கி அண்ணை தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார், முன்முனையை, அணியத்தைத் தடவினார், ஒரு முத்தம் கொடுத்தார், மூடிவிட்டார். இனி நல்ல வாகனம் ஒன்றுதான் வேண்டும். ஊருக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து அந்த மனிதர் எந்த வாகனத்துக்கும் முன்பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துபோனார். தெருவில் எது நின்றாலும் பின்னால் போய்க் குந்தி, இழுக்கிற கொக்கி இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பெயர் அப்படித்தான் வந்தது. தொழிற்சாலையில் ஒரு டேனிஷ்காரர் இறந்தபோது நாங்களும் தேவாலயத்துக்குப் போயிருந்தோம். பெட்டியை ஏற்ற வந்த கறுப்பு வாகனத்துக்குப் பின்னால் இவர் முழங்காலில் நிற்கிறார்! செத்தவருடைய சொந்தக்காரர்கள் இவர் செபிக்கிறார் என்று நினைத்துத் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு அமைதியாக நின்றார்கள். இறந்தவருடைய மனைவி இவருடைய கையைப் பிடித்து அழுதார்.

"கொக்கி இல்லை" என்று என் காதுக்குள் சொன்னார் அண்ணை.

அடுத்த அடி எனக்கே விழுந்தது. என்னுடைய பழைய காரில் கொக்கி இருந்தது. "சும்மா ஒருக்கால் பாத்திட்டுத் தாறன்" என்று வாங்கிக்கொண்டு போனார். கொக்கி உறுதிதானா என்று அறிய அதில் கயிற்றைக் கட்டி, மறு முனையைக் குடியிருப்புக்குப் பின்னால் நின்ற ஓக் மரத்தில் கட்டி, காரை ஓட்டியிருக்கிறார். மாலையில் கார் வந்தது. கொக்கி வரவில்லை. கொக்கியோடு பின் பம்பரும் வரவில்லை. "தம்பி, நல்ல காலம், இதை நம்பி வள்ளத்தைக் கட்டேல்லை" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

ஆனால் கொடிக்கம்பம் விழுந்த கதைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஊருக்கு வெளியே பழைய வாகனம் விற்கும் ஒருவர் நல்ல நீல நிறப் பிக்கப் ஒன்று வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை கொக்கி அண்ணை ஊரிலுள்ள தமிழ் ஆண்கள் அத்தனை பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். வாகனம் பார்க்கப் போகிறோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அங்கே போனதும் பையிலிருந்து தடித்த கயிற்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். "எல்லாரும் பிடியுங்கோ. வாகனம் முன்னுக்கு இழுக்கட்டும், நாங்கள் பின்னுக்கு இழுப்பம். எங்களை இழுத்தால் வள்ளத்தையும் இழுக்கும்."

கரையில் வள்ளம் இழுக்கும் கணக்கு அது. விற்பனையாளர் பாவம், சிரித்துக்கொண்டே ஏறி என்ஜினை எடுத்தார். கொக்கி அண்ணை "ஏலோ ஏலேலோ" என்று குரல் எடுத்தார். நாங்களும் எடுத்தோம். பனிக்காலம், வாயெல்லாம் புகை, காலுக்குக் கீழே வழுக்கல். சில்லுகள் சுழல்கின்றன, வாகனம் அசையவில்லை. எங்களுக்கும் வெறி ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் வாகனம் ஒன்று வந்து நின்றது.

எங்களில் பாதிப் பேருக்கு அகதி விண்ணப்பத்தின் முடிவே வரவில்லை. பொலிசைக் கண்டதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டோம். பிக்கப் பாய்ந்தது. முற்றத்தின் நடுவே டென்மார்க் கொடி பறந்த கம்பத்தில் போய் அடித்தது. கம்பம் சரிகிறது, கொடி வருகிறது, நாங்கள் அடுத்த விமானத்தில் நிற்கிறோம் என்று எனக்குக் கண் இருண்டது. பொலிஸ்காரர் ஓட்டமாக ஓடி, நிலத்தில் படுவதற்கு முன்னால் கொடியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நிலத்தில் படவில்லை" என்றார், மூச்சு வாங்க. கொடி நிலத்தில் படக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்; அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்களை ஒன்றும் கேட்கவில்லை. விற்பனையாளர்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நீண்ட நேரம் இறங்காமலே இருந்தார்.

"தம்பி, இது சரிவராது" என்றார் கொக்கி அண்ணை. "ஆக்கள் விட்ட உடனை பாயுது. பிள்ளை இருக்கிற வாகனம் பாயக்கூடாது."

பிள்ளை என்ற சொல் அப்போதுதான் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கவனித்தேன். எந்தப் பிக்கப்பைப் பார்க்கப் போனாலும் கொக்கிக்கு அடுத்ததாக அவர் பார்ப்பது முன் சீட்டைத்தான். மூன்று பேர் ஒன்றாக இருக்கிற நீட்டுச் சீட்டு வேண்டும். ஒரு கரையில் அவர், மறு கரையில் ஞானம் அக்கா, நடுவில் மகள். நடு சீட்டுச் சரியா என்று பார்க்க மகள் இல்லாததால் என்னை இருத்தினார்.

"காலை மடக்கும் தம்பி. இன்னும் மடக்கும். அவள் சின்ன ஆள்."

மடக்கினேன். என்ஜினை எடுத்தார்.

"இப்ப அழும்."

"என்ன?"

"அழும் எண்டுறன். என்ஜின் சத்தத்திலை பிள்ளை அழுறது எனக்குக் கேக்குதோ பாப்பம்."

மீசை வைத்த நான், ஒரு டேனிஷ் விற்பனையாளர் பார்த்துக்கொண்டு நிற்க, பிக்கப்பின் நடு சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நல்ல மனிதர் உள்ளே ஓடி எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார். "சத்தம் கூடிப்போச்சு" என்று அந்த வாகனத்தையும் தள்ளிவிட்டார் அண்ணை.

சீட்டில் இருந்தால் மகளுக்கு வெளியே தெரியாது என்று தொழிற்சாலையில் மிஞ்சிய பஞ்சை வெட்டி, சிவப்புச் சோபாத் துணியில் ஒரு மெத்தை தைத்தார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவான சின்ன மெத்தை. வாகனம் பார்க்கப் போகிற இடமெல்லாம் அதையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்.

இப்படி ஒன்றையும் வாங்காமல் வருடங்கள் போயின. ஏன் அவசரப்பட வேண்டும்? குடும்பத்தைக் கூப்பிட அவர் எப்போதோ விண்ணப்பம் கொடுத்துவிட்டார். எப்போது கேட்டாலும் பொறுங்கள் என்றுதான் பதில். பொறுத்தோம். ஒரு நாள் இடைவேளையில் ஒரு டேனிஷ்காரர் பத்திரிகையைக் கொண்டுவந்து, முகம் சிவக்க எங்களுக்கு வாசித்துக் காட்டினார். தமிழர்களுடைய விண்ணப்பங்கள் தாமதமாகவில்லையாம். அவற்றை எடுக்காமல் வைத்திருக்கும்படி நீதி அமைச்சரே சொல்லியிருக்கிறாராம். சட்டம் உள்ள நாடு என்று நம்பி வந்த எங்களுக்குத் தலையில் இடி விழுந்தது.

"அப்ப, ஒருத்தரும் பாக்கவே இல்லையோ?" என்று கேட்டார் கொக்கி அண்ணை. "நான் வரிசையிலை நிக்கிறன் எண்டெல்லோ நினைச்சனான்."

அன்றைக்கு வேலை முடிந்து தரிப்பிடத்தைத் தாண்டி நடந்தோம். வரிசையாக வாகனங்கள் நின்றன. ஒன்றின் பின்பக்கத்தையும் அவர் பார்க்கவில்லை. கொடிக்கம்பம் விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அந்த விவகாரம் விசாரணையாகி, கடைசியில் அரசாங்கமே பதவி விலகியது. எங்கள் வீட்டுக்காரிகள் வராததால் ஓர் ஆட்சி போனது என்று மார்தட்டுகிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கொக்கி அண்ணைக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. அதற்கு வெகு முன்பே விண்ணப்பங்கள் அசையத் தொடங்கி, ஞானம் அக்காவுக்கு விசாவும் வந்துவிட்டது.

விசா வந்த அந்தக் கிழமையே வெள்ளைப் பிக்கப் ஒன்றை வாங்கினார். கயிறும் இல்லை, அழுகையும் இல்லை. நடு சீட்டில் சிவப்பு மெத்தையை வைத்துப் பார்த்தார், "சரி" என்றார். ஸ்கீவவில் இருந்து வள்ளத்தைத் தார்ப்பாயோடு இழுத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் விடியக் கொப்பன்ஹேகனுக்கு வெளிக்கிட்டோம். அது வேறு தீவில்; அந்த நாளில் பெரிய பாலம் இல்லை, பிக்கப்பைக் கப்பலில் ஏற்ற வேண்டும். வள்ளத்தோடு நாங்கள் கப்பலுக்குள் நுழைந்தபோது வழிகாட்டிய ஊழியர் கடலைக் காட்டி, பிறகு வள்ளத்தைக் காட்டி, கையை விரித்தார். எனக்கு மானம் போனது. அண்ணை அவருக்குக் கை அசைத்தார்.

விமான நிலையத்தில் ஞானம் அக்கா வெளியே வந்தார். பக்கத்தில் ஒரு நெடுத்த பெண்பிள்ளை, இரட்டைப் பின்னல், கையில் பை. கொக்கி அண்ணை மனைவியைப் பார்த்தார். பிறகு அவர்களைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை?" என்றார்.

"இஞ்சருங்கோ, இதுதானே பிள்ளை" என்றார் அக்கா.

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடிதங்களில் பிள்ளையின் படங்கள் வந்திருந்தன, அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மனிதர் அத்தனை வருடமும் மூன்று வயதுக்கே மெத்தை வைத்திருந்தார். அந்தப் பிள்ளை தாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்று, இந்த ஆள் யார் என்று பார்த்தது. எனக்கு அந்த அமைச்சர் மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் ஆறவில்லை.

அண்ணை தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போய்த் தார்ப்பாயை முழுவதுமாக இழுத்தார். "உம்மடை வள்ளம்" என்றார். அக்கா வள்ளத்தைச் சுற்றி நடந்தார். விரலால் தட்டினார். குனிந்து, தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து அடிப்பலகையில் குத்தினார். ஊசி முழுவதும் உள்ளே போய்விட்டது.

"உக்கிப்போச்சு" என்றார். "இதை ஆர் பாத்து எடுத்தது?"

டென்மார்க்கில் உள்ள அத்தனை பிக்கப்பையும் சோதித்த மனிதர், வள்ளத்துக்கு அடியில் ஒரு தடவையாவது குனிந்து பார்க்கவில்லை!

"ஞானம், நான்..."

"வள்ளம் கிடக்கட்டும். பலகை மாத்தலாம்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆள் முழுசா நிக்கிறியள்தானே. எனக்கு அது போதும்."

பிள்ளையை நடு சீட்டில் ஏற்றினார்கள். மெத்தையில் இருந்ததும் தலை கூரையில் இடித்தது. அண்ணை மெத்தையை மெல்ல உருவி எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என்னிடம் தந்தார்.

"தம்பி, குறை நினையாதையும். நீர் ரயிலிலை வாரும்."

எனக்கு இடம் இருக்காது என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை! என்ஜினை எடுத்தார். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தது. பக்கத்தில் கதவோரம் நின்ற எனக்கே கேட்கவில்லை. அவர் உடனே என்ஜினை நிறுத்தினார்.

"ஓமம்மா, எங்கடை வள்ளம்தான்" என்றார். "உங்களுக்குத்தான்."

நான் யூலண்டுக்கு ரயிலில் திரும்பினேன், மடியில் சிவப்பு மெத்தை. பலகைகளை அடுத்த கோடையில் ஞானம் அக்கா நின்று மாற்றுவித்தார், வள்ளம் மிதந்தது, அதெல்லாம் வேறு கதை. மெத்தையை அண்ணை திருப்பிக் கேட்கவே இல்லை. இப்போதும் அதன் மேல் இருந்துதான் இதை எழுதுகிறேன். கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அண்ணை.